பார்டோக்குக்குப் போலந்து செலுத்திய அஞ்சலி

1939 ஆகஸ்ட் 2. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக், சுவிட்சர்லாந்தின் ஸானென் கிராமத்து மரவீடு ஒன்றில் எழுத உட்கார்ந்தார். வீட்டைக் கொடுத்தவர் பாஸல் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பால் ஸாகர். தன் குழுவுக்கு ஒரு படைப்பு வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அந்தக் காலத்தில் புரவலர் வீட்டில் தங்கிய இசைக் கலைஞனைப் போல உணர்வதாக மகனுக்குக் கடிதம் எழுதினார் பார்டோக். 17-ஆம் தேதி, தந்திக் கருவிகளுக்கான ‘டிவெர்டிமெண்டோ’ முடிந்துவிட்டது. இரண்டே வாரத்தில் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது.

போலந்துப் படையின் வானொலிப் பிரிவில் இருந்தவர் 26 வயது இசையமைப்பாளர் விட்டோல்ட் லூட்டோஸ்வாவ்ஸ்கி. பிடிபட்டார், தப்பினார், சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே வார்ஸா வந்து சேர்ந்தார். போர்க்காலத்தில் காபிக் கடைகளில் பியானோ வாசித்துத்தான் பிழைப்பு. பார்டோக் 1940-ல் அமெரிக்கா போய், 1945-ல் நியூயார்க்கில் காலமானார்.

போர் முடிந்தும் லூட்டோஸ்வாவ்ஸ்கிக்கு விடிவில்லை. அவருடைய முதல் சிம்பொனி மக்களுக்குப் புரியாத இசை என்று 1949-ல் ஒதுக்கிவைக்கப்பட்டது. 1954-ல் பார்டோக் நினைவாக ஓர் இரங்கல் இசையைத் தொடங்கி, 1958-ல்தான் முடித்தார். அதுதான் ‘மியூசிக் ஃப்யூனெப்ர’. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் தவிர வேறு கருவி கிடையாது. தனிச் செல்லோவின் மெதுவான சுரங்களில் தொடங்கி, ஒவ்வொரு குரலாகச் சேர்ந்து உச்சத்துக்கு ஏறுகிறது. அங்கே பன்னிரண்டு சுரங்களும் ஒரேசமயத்தில் அழுந்த ஒலிக்கின்றன. ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். பிறகு அந்த ஒலித்திரள் சுருங்கிச் சுருங்கி ஒற்றைச் சுரமாகிறது. கடைசியில் மறுபடி தனிச் செல்லோ.

‘டிவெர்டிமெண்டோ’, ‘மியூசிக் ஃப்யூனெப்ர’ இரண்டையும் ஒரே இசைத்தட்டில் தந்தது ஸ்டுட்கார்ட் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. டென்னிஸ் ரஸல் டேவிஸ் நடத்த, ஈ.சி.எம். நிறுவனம் 2012-ல் வெளியிட்டது. சிறிய குழு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ‘டிவெர்டிமெண்டோ’வில் ஒரு சிலர் தனித்து வாசிப்பதும், மொத்தக் குழுவும் பதில் சொல்வதும் மாறி மாறி வரும். அறுபது பேர் கொண்ட தந்திக் கருவிப் படையில் அந்தப் பேச்சுவார்த்தை கூழாகிவிடுகிறது. முதல், மூன்றாம் பகுதிகள் நாட்டார் நடனத் துள்ளல். நடுப்பகுதியோ அடித்தொண்டை முனகலில் தொடங்கி அலறலாக வளரும். அந்த அலறலில் ஒவ்வொரு வில்லும் தனியே காதில் விழ வேண்டும்.

அந்த வகையில் புடாபெஸ்டின் ஃபிரான்ஸ் லிஸ்ட் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா ஒரு படி மேல். 1963-ல் தொடங்கிய குழு. முன்னால் நின்று கோலசைக்க ஆள் கிடையாது. முதல் வயலினில் இருந்தபடியே யானோஷ் ரொல்லா வழிநடத்தினார். அவர்களுடைய ‘டிவெர்டிமெண்டோ’வில் ஜெர்மானிய மெருகு குறைவு, கிராமத்து முரட்டுத்தனம் அதிகம். என் ஓட்டு அதற்கே.

போலந்து என்றதும் லூட்டோஸ்வாவ்ஸ்கி, பெண்டரெட்ஸ்கியோடு நிறுத்திக்கொள்பவர்கள், கிராஜினா பட்செவிச்சின் 1948-ஆம் ஆண்டு தந்திக் கருவிக் கான்செர்டோவைத் தவறவிடுகிறார்கள். பட்செவிச் தேர்ந்த வயலின் கலைஞர். வாசிப்பவரின் கையறிந்து எழுதியிருக்கிறார். கபெல்லா பிட்கோஸ்டியென்சிஸ் குழுவின் பதிவு நாக்ஸாஸ் வெளியீடாகக் கிடைக்கிறது.

ஸ்டுட்கார்ட் தட்டு இரங்கல் இசையில் தொடங்குகிறது. நீங்கள் அந்த வரிசையை மாற்றி, முதலில் ‘டிவெர்டிமெண்டோ’வைக் கேளுங்கள், இடைவெளி விடாமல் லூட்டோஸ்வாவ்ஸ்கிக்குப் போங்கள்.