கலரா, கறுப்பு வெள்ளையா? உங்கள் கண்ணிடமே கேளுங்கள்!

கல்யாண வீட்டு போட்டோவோ, மொட்டைமாடியில் எடுத்த மழைமேகமோ... ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன் விரல் ஒருமுறை ஃபில்டர் பக்கம் போய்விட்டுத்தான் வரும். கலரில் அழகாக இருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால், அட, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது! மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'இதுதான்' என்று ஒன்றை வைத்துவிடுகிறோம்.

அந்த 'இதுதான்' எங்கிருந்து வருகிறது? உள்ளுணர்வு என்கிறோம். அதை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம். ஆனால், அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

ஒரே குழந்தை, இரண்டு படங்கள்

1984, டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தைப் பதிவுசெய்யப் போனவர்களில் ரகு ராய், பாப்லோ பார்த்தலோமியூ இருவரும் இருந்தார்கள். இருவருமே, அடக்கம் செய்யப்படும் ஒரு பெயர் தெரியாத குழந்தையைப் படம் எடுத்தார்கள்.

ரகு ராயின் படம் கறுப்பு வெள்ளை. பார்த்தலோமியூவின் படம் கலர். 1984-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருதைப் பெற்றது அந்தக் கலர் படம்தான். ரகு ராயின் படமும் இன்றுவரை போபால் என்றதும் நினைவுக்கு வருகிற முகமாக இருக்கிறது.

இரண்டையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். கலர் படத்தில் மண்ணின் பழுப்பும் அந்தச் சின்ன முகத்தின் நிறமும் தெரிகின்றன. 'இது நம் ஊரில், நம் காலத்தில் நடந்தது' என்று அது முகத்தில் அறைகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மண்ணும் முகமும் ஒரே சாம்பலாகின்றன. மிஞ்சுவது, மூடாத கண்களும் நெற்றியை வருடும் ஒரு கையும் மட்டுமே. அது ஒரு செய்தியாக இல்லாமல், பிள்ளையைப் பறிகொடுத்த எல்லோருடைய துக்கமுமாக ஆகிவிடுகிறது.

எது சரி? இரண்டுமே சரி. ஒன்று சாட்சி சொல்கிறது, இன்னொன்று அழுகிறது. நாம் எதைச் சொல்ல வந்தோம் என்பதுதான் கேள்வி.

நிறமே விஷயம் என்றால்...

அதே 1984-ல், பாகிஸ்தானில் இருந்த அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி ஒரு ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்த படம். செம்பழுப்பு நிற முக்காடு, பச்சைப் பின்னணி, அதே பச்சையில் இரண்டு கண்கள். கலரை எடுத்துவிட்டால் அந்தக் கண்களின் பாதி மொழி போய்விடும்.

ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங், இந்தியாவைக் கலரில்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர். கறுப்பு வெள்ளைதான் உயர்ந்த கலை என்று பலரும் நினைத்த காலத்தில், வாழ்நாள் முழுக்கக் கலரிலேயே எடுத்தார். ரகு ராயோ இந்தியாவைக் கறுப்பு வெள்ளையில் ஒரு புத்தகமாகவும், கலரில் தனியாக ஒரு புத்தகமாகவும் தந்திருக்கிறார். ஆக, இதில் கட்சி கட்டத் தேவையில்லை.

முதலில் கண்ணில் பட்டது எது?

போனை எடுக்கத் தூண்டியது எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒரு நிறத்தின் பெயராக வந்தால், கலரிலேயே விடுங்கள். தலையில் கனகாம்பரம், பந்தியில் வாழை இலை, காவி பூசிய கோலம் எல்லாம் இந்த ரகம்.

'அந்தச் சிரிப்பு', 'ஜன்னல் வெளிச்சம்', 'தாத்தா கை நரம்பு' என்று பதில் வந்தால், கறுப்பு வெள்ளையை முயன்று பார்க்கலாம். பின்னால் தொங்கும் சிவப்பு பிளாஸ்டிக் வாளி நிறம் இழந்து அடங்கிவிடும். பார்ப்பவர் கண் நேராக முகத்துக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைக்குத் தெரிவது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே. சிவப்புப் பூவும் பச்சை இலையும் நம் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். ஆனால் இரண்டிலும் வெளிச்சம் ஒரே அளவில் இருந்தால், ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அப்போதும் உருவம் தனியாகத் தெரிந்தால், அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் நிற்கும்.

போனில் என்ன செய்யலாம்?

ஃபிலிம் காலத்தில் எந்த ரோல் போட்டோம் என்பதே முடிவு. அதனால் சிலர் இரண்டு கேமராக்களைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

* எப்போதும் கலரில் எடுங்கள். பிறகு எடிட்டில் மாற்றுங்கள்.

* ஃபில்டரோடு நிறுத்தாமல், வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

* மாற்றிய படத்தைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள். கலர் ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

கடைசி விஷயம்தான் முக்கியம். கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும் மிஞ்சினால், போன நிறம் திரும்பி வராது. ஆப்கள் பூசித் தருவது வெறும் ஊகம். 20 வருஷம் கழித்துப் பேத்தி, 'பாட்டி அன்னிக்கு என்ன கலர் புடவை கட்டியிருந்தாங்க?' என்று கேட்டால், சொல்ல அந்த ஒரிஜினல் வேண்டும்.

இன்னொன்று, உழைக்கும் மனிதர்களை, வாடிய முகங்களைப் பார்த்ததும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பூக்காரம்மா பளிச்சென்ற மஞ்சள் சேலையில் சிரித்துக்கொண்டிருக்கலாம். நம் ஃபில்டர் அவரைச் சோகமாக்க வேண்டாமே!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேலரியில் பத்துப் படங்களை எடுத்து, இரண்டு விதமாகவும் மாற்றி வீட்டில் காட்டுங்கள். எது பிடிக்கிறது என்று மட்டும் கேட்காமல், ஏன் என்றும் கேளுங்கள். அந்த 'ஏன்'தான் அடுத்த படத்துக்கு உங்கள் கண்ணைப் பழக்கும்!