கணினிக்குப் புரியும் தமிழில் பாடம் இருக்கட்டும்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர், மறுநாள் பாடத்துக்கான குறிப்பைக் கணினியில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக்கி, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பே திறந்து படித்துவிடுகிறது. அதே வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளும் மற்றவர்களைப் போலப் போனை எடுக்கிறாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ‘திரைவாசிப்பான்’ அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் காதில் விழுவது தமிழே இல்லை. ‘அம்மா’ என்ற எளிய சொல்லைக்கூட எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால், “எம், கே, செமிகோலன், கே, எச்” என்கிறது போன்.

போனில் கோளாறு இல்லை. மாணவிக்கும் அதைக் கையாளத் தெரியும். ஆசிரியர் பயன்படுத்தியது ‘பாமினி’ என்ற பழைய எழுத்துரு; சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உள்ளடக்கிய கல்வி என்று பேச்செடுத்தாலே விலை உயர்ந்த கருவிகள்தான் நினைவுக்கு வருகின்றன. கருவி அவசியம்தான். ஆனால் பாடம் கணினிக்குப் புரியும் எழுத்தாக இல்லாதவரை, எந்தக் கருவி வந்தாலும் அந்த மாணவியின் கையில் பாடம் சேராது.

எழுத்து வேறு, எழுத்தின் படம் வேறு

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் எண் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், தமிழில் அச்சிட ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வடிவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிட்டார்கள். பாமினியில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் ‘அ’ வரையப்பட்டிருக்கிறது. ‘கே’ இருந்த இடத்தில் ‘ம’. செமிகோலன் இருந்த இடத்தில் புள்ளி. கண்ணால் படிப்பவருக்கு இதில் குறை தெரியாது. திரைவாசிப்பானோ வடிவத்தைப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டுமே படிக்கிறது.

யூனிகோட் இதை நேர்செய்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் இந்தக் குறியீட்டு முறையில் தமிழுக்கும் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடைத் தன் தரங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய அழகு ஒன்று இருக்கிறது. ‘கொ’ என்று எழுதும்போது கை முதலில் ஒற்றைக்கொம்பு போடுகிறது, பிறகு ‘க’, பிறகு கால். பழைய எழுத்துருக்களும் அந்த வரிசையில்தான் சேமித்தன. யூனிகோடில் ‘க’ முதலில் வரும். ‘ஒ’கர உயிர்க்குறி அடுத்து வரும். அதாவது, வாய் உச்சரிக்கும் வரிசை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலும் அதே வரிசையில்தான் ‘கொ’வை எழுதுகிறது: ஒரு கட்டத்தில் ‘க’, அடுத்த கட்டத்தில் ‘ஒ’. அதனால் ஒழுங்காக யூனிகோடில் அடித்த தமிழை மென்பொருள் நொடியில் பிரெயிலாக மாற்றிவிடுகிறது. ஒரே கோப்பிலிருந்து ஒருவருக்கு அச்சு, ஒருவருக்குக் குரல், இன்னொருவருக்கு விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகள் என மூன்றும் கிடைக்கின்றன.

எழுத்து குரலாகும் விதம்

திரைவாசிப்பான்கள் ஒரு காலத்தில் பணம் உள்ளவர்களுக்கே எட்டின. 2006-ல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர், விண்டோஸ் கணினிகளுக்காக ‘என்விடிஏ’ என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். சிறுவயதில் இசை முகாம் ஒன்றில் நண்பர்களானவர்கள் இவர்கள். அந்த மென்பொருள் இன்று உலகெங்கும் பயன்படுகிறது, தமிழையும் படிக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ் ஓவர்’ என்று அதே வேலையைச் செய்யும் வசதி, போனோடு சேர்ந்தே வருகிறது.

எழுத்தைப் பேச்சாக்குவது தமிழில் எளிய வேலை அல்ல. ‘பத்து’, ‘பந்து’, ‘அது’ மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ‘து’ என்ற ஒரே எழுத்து மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒலிக்கிறது. இரட்டித்தால் வல்லோசை, மெல்லினத்தை அடுத்து வந்தால் ஒலிப்புள்ள ஓசை, உயிர்களுக்கு நடுவே வந்தால் மென்மையான ஓசை. இந்த விதிகளைப் பேச்சுப் பொறிக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘பல்’லும் ‘பஸ்’ஸும் ஒரே எழுத்தில் தொடங்கி வேறாக ஒலிப்பதற்கு விதி உதவாது, தனிச் சொற்பட்டியல் வேண்டும். ‘பாவம்’ செய்வதும் முகத்தில் ‘பாவம்’ காட்டுவதும் ஒன்றல்ல என்று அறிய, வாக்கியம் முழுவதும் புரிந்தாக வேண்டும்.

அச்சுப் புத்தகத்தை எழுத்தாக்கும் ஓசிஆர் நுட்பத்துக்கும் தமிழில் தனிச் சவால்கள் உண்டு. ‘ன’வும் ‘ண’வும் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன. மங்கிய அச்சில் புள்ளி ஒன்று விழுந்துபோனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி.ராமகிருஷ்ணனின் குழு தமிழுக்கென ஓசிஆர், பேச்சுப் பொறி இரண்டையும் உருவாக்கியது. எவ்வளவு நல்ல ஓசிஆராக இருந்தாலும், முடிவில் ஒருவர் மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். தொடக்கத்திலேயே யூனிகோடில் இருக்கும் பாடத்துக்கு இந்தச் சுற்றே தேவைப்படாது.

காது மட்டும் போதாது

குரல் வந்துவிட்டதால் பிரெயில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் படிக்கும் குழந்தைக்கு அது கட்டாயம் வேண்டும். பெரும்பாலோர் பேச்சில் ‘கரை’யும் ‘கறை’யும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள வேறுபாட்டையும் காது பிடிப்பதில்லை. பாடத்தைக் காதால் மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, பிழையில்லாமல் எழுதக் கற்பது கடினம். பார்வையுள்ள குழந்தை எழுத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே எழுத்துக்கூட்டலைப் பழகுகிறது. பார்வையற்ற குழந்தைக்கு அந்தப் பழக்கம் விரல் வழியாகத்தான் வர வேண்டும்.

ஒரு பாடநூல் பிரெயில் தாளில் அச்சானால் பல தடித்த தொகுதிகளாகிவிடும். அவற்றைத் தினமும் பள்ளிக்குச் சுமக்க முடியாது. இதற்கான தீர்வு, புள்ளிகள் எழுந்து எழுந்து அமரும் மின்னணு பிரெயில் பலகை. பெரும்பாலான பலகைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு சிறு பீங்கான் பட்டை இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் அது வளைந்து ஊசியை மேலே தள்ளும். நிறுத்தினால் ஊசி இறங்கிவிடும். இருபது, நாற்பது எழுத்துக் கட்டங்கள் கொண்ட ஒரே வரியில் புத்தகம் முழுவதும் ஓடிவிடும். இந்தப் பட்டைகளே பலகையின் விலையை ஏற்றிவந்தன. ‘ஆர்பிட் ரீடர்’ போன்ற மலிவான பலகைகள் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன.

படத்தையும் கணக்கையும் சொல்வது எப்படி?

திரைவாசிப்பான் படத்துக்கு வந்ததும் “படம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். படத்தோடு மாற்று உரையாக ஒரு விளக்கம் சேர்த்திருந்தால் அதை வாசிக்கும். ‘மனித இதயத்தின் படம்’ என்று எழுதினால் மாணவிக்கு ஒன்றும் கிடைக்காது. ‘இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு ஏட்ரியங்கள், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள்கள். உடலிலிருந்து வரும் ரத்தம் வலது ஏட்ரியத்தில் நுழைந்து வலது வென்ட்ரிக்கிளுக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது’ என்று எழுதினால், அந்தப் படம் எதைக் கற்பிக்க வந்ததோ அது அவளுக்குச் சேர்ந்துவிடும். வகுப்பில் “இங்கே பாருங்க, இதுலேர்ந்து இது இங்க போகுது” என்பதற்குப் பதிலாக அறைகளின் பெயரைச் சொல்லி நடத்தினால், கடைசி பெஞ்சில் கரும்பலகை சரியாகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாடம் புரியும்.

கணிதம் இன்னும் நுட்பமானது. “எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு” என்று வாயால் சொன்னால், எக்ஸோடு அரையைக் கூட்டுவதா, எக்ஸையும் ஒன்றையும் கூட்டி வரும் விடையைப் பாதியாக்குவதா? தாளில் பின்னக்கோடு எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்துக் கண் இதைத் தீர்த்துவிடுகிறது. காதுக்கு அந்தக் கோடு கேட்காது. பிரெயிலில் கணிதக் குறியீடுகளை வகுத்த ஆப்ரகாம் நெமெத், தாமே பார்வையற்ற கணிதப் பேராசிரியர். கணிதத்தைக் குழப்பமில்லாமல் வாய்விட்டுச் சொல்வதற்கும் ஒரு முறை வகுத்தார். பின்னம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் சாரம். கணினியில் ‘மேத்எம்எல்’ என்ற வடிவில் சமன்பாட்டை எழுதினால் அந்த அமைப்பு அதற்குள்ளேயே பதிவாகிவிடும். திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும். சமன்பாட்டைப் புகைப்படமாக ஒட்டினால் அந்த இடம் ஊமையாகிவிடும்.

ஒருவருக்குச் செய்வது பலருக்கும்

அமெரிக்காவில் 1984-ல் தொடங்கப்பட்ட ‘காஸ்ட்’ நிறுவனம் வளர்த்தெடுத்த ஒரு கொள்கை உண்டு: பாடத்தைத் தயாரித்து முடித்த பிறகு ஒரு குழந்தைக்காக ஒட்டுப்போடுவதை விட, தயாரிக்கும்போதே பல வழிகளில் கற்க இடம் கொடுத்துவிடுங்கள். யூனிகோட் பாடம் இதற்கு நல்ல சான்று. டிஸ்லெக்சியா உள்ள மாணவன் அதையே பெரிதாக்கி, வரி இடைவெளியை அகலமாக்கி, குரலோடு சேர்த்துப் படிக்கலாம். காது கேளாத மாணவிக்கு, காணொளிப் பாடத்தோடு சேர்த்த எழுத்து வரிகள் பாடத்தைத் தருகின்றன. இந்திய சைகை மொழியில் பதிவுசெய்த விளக்கமும் இருந்தால் அவள் முழுமையாக உள்ளே வருகிறாள்.

பேச்சு வராத குழந்தைகளுக்குச் சென்னை ஒரு பெரிய பங்களிப்பைச் செய்திருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு நெடுங்காலமாகப் பணியாற்றும் ‘வித்யாசாகர்’ அமைப்போடு சேர்ந்து, பொறியாளர் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். குழந்தை படத்தைத் தொட்டுத் தொட்டு வாக்கியத்தை அமைக்கும். கருவி அதைப் பேசும். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு, அந்தக் குழந்தை படத்தைத் தேடித் தொடும்வரை பொறுமையாகக் காத்திருந்தால்தான் கருவிக்குப் பயன் உண்டு. வகுப்பின் வேகம் அந்தக் காத்திருப்புக்கு இடம் தர வேண்டும்.

சட்டம் இருக்கிறது, கோப்பு வேண்டும்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை புத்தகங்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை வேறு வடிவங்களுக்கு மாற்ற, 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013-ல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. இவ்வாறு மாற்றிய நூல்களுக்கென ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016-லிருந்து இயங்குகிறது.

ஆகவே இனி வேலை, பாடம் எழுதுபவர் கையில் இருக்கிறது. ஆசிரியர்கள் யூனிகோடில் தட்டச்சு செய்யட்டும். கரும்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பும்போது, அதிலிருப்பதை நான்கு வரியில் எழுதியும் அனுப்பட்டும். நேரமில்லாவிட்டால் குரல் பதிவாகச் சொல்லட்டும். குறிப்புகளை முந்தைய நாளே கொடுத்தால் சிறப்பாசிரியருக்குப் பிரெயிலாக்க நேரம் கிடைக்கும். ஆசிரியர் பயிற்சியில் மாற்று உரை எழுதுவது ஒரு பாடமாகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாடநூல் வெளியிடுவோர் அச்சு நூல் பிள்ளைகள் கைக்குப் போகும் அதே நாளில், யூனிகோடில், பட விளக்கங்களோடு, ‘இ-பப்’ என்ற மின்நூல் வடிவிலும் அதை வெளியிட வேண்டும். இன்றைய பாடநூல் அச்சகத்துக்குப் போகும் முன்பே கணினியில்தான் உருவாகிறது; புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய நுட்பம் எதுவும் இதில் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வகுப்புக்கே புத்தகம் கிடைத்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கிடைத்தால், அதைச் சமமான கல்வி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடுத்த பதிப்பிலேயே இதைத் தொடங்க முடியும், தொடங்க வேண்டும்.