உன் மெஷினில் ஓடுது, என் மெஷினில் ஓடலையே!

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஜனவரி பிறந்தால் இறுதியாண்டு மாணவர்களுக்குப் புராஜெக்ட் காய்ச்சல் தொடங்கிவிடும். நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். விடுதியில் இருப்பவன் இரவோடு இரவாகச் செயலியின் நிரலை (கோடை), அதைப் பகிர்வதற்கான தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுகிறான். ஜெயங்கொண்டத்தில் வீட்டிலிருக்கும் தோழி காலையில் அதை இறக்கிக் கட்டளையைத் தட்டினால் பிழைச்செய்தி வருகிறது: எஸ்டிகே (செயலி கட்டுவதற்கான கருவித்தொகுப்பு) ஃபோல்டர் அந்த இடத்தில் இல்லையாம். "என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுது" என்கிறான் அவன்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தவறு கோடில் இல்லை.

எழுதிய கோடைச் செயலியாகக் கட்டித்தரும் வேலைக்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' இவற்றில் மூத்தது. இன்று ஆண்ட்ராய்டுக்குக் கிரேடில், ஜாவாவுக்கு மேவன். இவற்றுக்கு இரண்டு வகைத் தகவல் வேண்டும். செயலியின் பதிப்பு எண், எந்தெந்த நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) தேவை என்பவை புராஜெக்ட்டுக்குச் சொந்தம், நால்வருக்கும் ஒன்றே. எஸ்டிகே எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எவ்வளவு நினைவகம் தரலாம், கடவுச்சொல் என்ன என்பவை ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது வகை முதல் வகைக்குள் நுழையும்போதுதான் சிக்கல் முளைக்கிறது.

ஃபோல்டர் முகவரியையே எடுத்துக்கொள்வோம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸில் முகவரி 'சி' டிரைவில் தொடங்கும். லினக்ஸில் 'ஹோம்' ஃபோல்டரில். ஒன்றில் எழுதிய முகவரி மற்றதில் செல்லவே செல்லாது.

இதற்காகவே ஆண்ட்ராய்டு புராஜெக்ட்டில் 'லோக்கல்.ப்ராப்பர்ட்டீஸ்' என்ற கோப்பு தனியாக இருக்கிறது. இதைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றக் கூடாது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் அதைத் தவிர்க்கும்படி ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் ஏற்பாடு செய்துவிடுகிறது. ஆனால் மொத்த ஃபோல்டரையும் மவுஸால் இழுத்துக் கிட்ஹப் தளத்தில் போடுகிறவர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. நம் மாணவர்களில் பலர் முதலில் பழகுவது அந்த வழியைத்தான்.

நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் கவனிக்க வேண்டியது. புராஜெக்ட் கோப்பில் ஒருவர் 4 ஜிபி என்று எழுதிவைத்தால், மொத்தமே 4 ஜிபி உள்ள கணினி திணறிப்போகும். அதற்காக அந்தக் கணினியை வைத்திருப்பவர் பொதுக் கோப்பைத் திருத்தவேண்டியதில்லை. அவருடைய ஹோம் ஃபோல்டரில் 'டாட் கிரேடில்' என்ற ஃபோல்டருக்குள் 'கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ்' கோப்பை வைத்து 1 ஜிபி என்று எழுதினால் போதும். புராஜெக்ட் சொல்வதைவிட பயனரின் கோப்பு சொல்வதற்கே கிரேடில் முன்னுரிமை தருகிறது. எளிய கணினிக்காரரும் யாரிடமும் கெஞ்சாமல் வேலை பார்க்க வழிசெய்கிற நல்ல ஏற்பாடு இது. கல்லூரி வைஃபைக்கான பிராக்ஸி (இடைநிலை சர்வர்) முகவரியும் இங்கேதான் இருக்கவேண்டும். பொதுக் கோப்பில் இருந்தால், வீட்டில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவருக்கு நூலகங்கள் இறங்காது.

மேவனும் பயனரின் ஹோம் ஃபோல்டரில் 'செட்டிங்ஸ்' கோப்பைத் தனியே தேடுகிறது. சி++ உலகின் சிமேக், 2020இல் வந்த 3.19 பதிப்பில் புராஜெக்ட்டுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என இரண்டு கோப்புகளைக் கொண்டுவந்தது.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. டொயோட்டாவின் 'டி-கனெக்ட்' சேவைக்கான கோடின் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனம் ஒன்று கிட்ஹப்பில் பொதுவில் போட்டுவிட்டது. தரவு சர்வருக்கான சாவியும் அதற்குள்ளேயே இருந்தது. 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அப்படி ஏறிவிட்ட கோப்பை அழித்தாலும் கிட்டின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். சாவியை ரத்துசெய்து புதிது வாங்குவது ஒன்றே வழி.

ஜெயங்கொண்டத்துத் தோழிக்கு உடனே உதவ, களஞ்சியத்தில் ஒரு மாதிரிக் கோப்பை வைக்கலாம். எஸ்டிகே முகவரி, சாவி ஆகிய பெயர்கள் மட்டும் அதில் இருக்கும், மதிப்புகள் காலியாக. நகலெடுத்து, பெயரை மாற்றி, தன் கணினிக்கு உரியதை அவரே நிரப்பிக்கொள்வார்.