1,21,696: இனிமேல் உடைக்க முடியாத ஒரு கூட்டம்

2022 அக்டோபர் 23, டி20 உலகக் கோப்பை, இந்தியா - பாகிஸ்தான். ஹாரிஸ் ரவூஃப் பந்தை விராட் கோலி பின்னங்காலில் நின்று நேராகத் தூக்கின அந்த சிக்ஸரைப் பார்க்காத ஆள் நம்ம ஹாஸ்டலில் இருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு மெல்போர்ன் கிரிக்கெட் கிரவுண்டில் இருந்தவர்கள் 90,293 பேர். டிவியில் பார்த்த நமக்கே காது அடைச்சது.

ஆனா அதே மைதானத்துக்கு ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் ஒரு லட்சம் பேர் வருவாங்க, கிரிக்கெட் பார்க்க இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்னு ஒரு விளையாட்டு. அந்த ஊர்க்காரங்க செல்லமா 'ஃபுட்டி'ன்னு சொல்வாங்க. அதன் வருடாந்தர இறுதிப் போட்டிக்குப் பேர் கிராண்ட் ஃபைனல். 1970-ல் நடந்த கிராண்ட் ஃபைனலுக்கு வந்த கூட்டம்தான் தலைப்பில் இருக்கிற எண்: 1,21,696. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. மைதானத்தைப் பலமுறை இடிச்சுக் கட்டியாச்சு. ஊர் மக்கள்தொகை இரண்டு மடங்கு ஆயாச்சு. ஆனா ரெக்கார்டு மட்டும் அப்படியே நிக்குது. ஏன்?

முதல்ல விளையாட்டைப் பற்றி ரெண்டு வரி. பக்கத்துக்கு 18 பேர். ரக்பி பந்து மாதிரி முட்டை வடிவப் பந்து. இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம், குறுக்குச் சட்டம் கிடையாது. நடு ரெண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைச்சு அனுப்பினா 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனா 1 புள்ளி. உதைச்ச பந்தை அந்தரத்தில் பிடிச்சா அதுக்குப் பேர் 'மார்க்'. பிடிக்கிறதுக்காக எதிராளி தோள் மேலேயே ஏறிக் குதிப்பாங்க, அதுக்கு ஃபவுல் கிடையாது! 1858-ல் டாம் வில்ஸ்னு ஒரு கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆடுறவங்க உடம்பைத் தளர விடாம இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேணும்னு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859 மே மாசம் விதிகள் எழுதப்பட்டன. அதனால் பிற்பாடு இது கிரிக்கெட் மைதானங்களிலேயே வேர்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. சாக்கர் மைதானம் 105 × 68 மீட்டர், சுற்றளவு 346 மீட்டர். எம்சிஜியில் ஃபுட்டி ஆடும் நீள்வட்டம் சுமாரா 160 × 140. சுற்றளவு 470 மீட்டர் பக்கம் வரும். அதாவது முதல் வரிசையே மூணில் ஒரு பங்குக்கு மேல் நீளம் அதிகம். மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையும் இன்னும் நீளம். பெரிய நீள்வட்டத்தைச் சுற்றி கேலரி கட்டினா ஆள் அதிகமா அடங்குவாங்க. இதுக்கு விலையும் உண்டு, கடைசி வரிசையில் இருக்கிறவருக்கு வீரர்கள் எறும்பு மாதிரித்தான் தெரிவாங்க.

ஆனா இடம் இருந்தா மட்டும் கூட்டம் வந்துடாதே. மெல்போர்ன் கட்டுமானத் தொழிலாளர்கள் 1856-லேயே போராடி எட்டு மணி நேர வேலையை வாங்கிட்டாங்க. சனிக்கிழமை அரை நாள் லீவும் படிப்படியா வந்தது. சனி மதியம் கையில் நேரம், அதில் ஆடுறது உங்க பேட்டை டீம். கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், எசெண்டன் எல்லாம் கம்பெனி ஃபிராஞ்சைஸ் பெயர்கள் இல்லை, மெல்போர்னின் ஏரியா பெயர்கள். கார்ல்டனும் காலிங்வுட்டும் ஜென்ம விரோதிகள். 1970-ல் மோதினது இந்த ரெண்டு பேரும்தான்.

அந்த மேட்சைச் சொல்லாம போக மனசு வரலை. செப்டம்பர் 26. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. நம்ம பாஷையில் சொன்னா மேட்ச் முடிஞ்சது, கிளம்பலாம். கார்ல்டனுக்காக அலெக்ஸ் ஜெசலென்கோ எதிராளி முதுகு மேல் ஏறிப் பிடிச்ச ஒரு மார்க் மட்டும்தான் அதுவரைக்கும் அவங்களுக்கு ஆறுதல். அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே பிரபலமான கேட்ச் அதுதான். இடைவேளையில் கோச் ரான் பராசி, பந்தை உதைச்சுக்கிட்டே இருக்காதீங்க, கையால தட்டிக் கைமாத்தி வேகமா ஓடுங்கன்னு சொல்லி அனுப்பினார். கூடவே டெட் ஹாப்கின்ஸ்னு ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கினார். மூணாவது கால்பகுதியில் கார்ல்டன் 8 கோல். ஹாப்கின்ஸ் மட்டும் மொத்தம் 4 கோல். கடைசியில் 111 - 101, கார்ல்டன் ஜெயிச்சது.

ஒரு துணுக்கு: இந்த ஹாப்கின்ஸ் அடுத்த வருஷமே ஆட்டத்தை விட்டுட்டார். பின்னாடி சாம்பியன் டேட்டானு ஒரு புள்ளிவிவரக் கம்பெனியைத் தொடங்கினார். இன்றைக்கு லீக்கின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் எல்லாம் அங்கிருந்துதான். டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்க இவரைக் குலசாமியா வச்சுக்கலாம்.

சரி, 1,21,696 பேர் எப்படி உள்ளே போனாங்க? அப்போ மெல்போர்ன் மக்கள்தொகையே 25 லட்சம் அளவுதான். ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருத்தர் அந்த ஒரே மைதானத்தில்! பதில் ரொம்ப எளிமை, பெரும் பகுதி கூட்டம் நின்னுக்கிட்டு இருந்தது. ஒரு நாற்காலிக்கு அரை மீட்டர் அகலம், வரிசைக்கு 80 செ.மீ. ஆழம்னு வச்சுக்கங்க. ஒருத்தருக்கு 0.4 சதுர மீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை பேர். அதே படிக்கட்டில் நாற்காலியைப் பிடுங்கிட்டு நிக்க விட்டா நாலஞ்சு பேர் அடங்கிடுவாங்க. கான்கிரீட் அதே, ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய டபுள்.

அந்த டபுள்லதான் ஆபத்து. ஒரு சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேரைத் தாண்டினா கூட்டம் மனிதர்களா நடந்துக்காது, திரவமா நடந்துக்கும். பின்னாடி ஒரு தள்ளு தள்ளினா முன்னாடி வரைக்கும் அலையா போகும். நடுவில் இருப்பவர் நினைச்சாலும் நிக்க முடியாது, நகர முடியாது. இதில் சாகிறவங்க பெரும்பாலும் மிதிபட்டுச் சாகிறதில்லை, நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சுத் திணறி நின்னபடியே சாகிறாங்க. 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் 97 பேர் அப்படித்தான் போனாங்க. அதுக்கு அப்புறம் அங்கே பெரிய சாக்கர் மைதானங்கள் எல்லாம் நாற்காலிக்கு மாறின.

மெல்போர்னும் விளிம்பைத் தொட்டுப் பார்த்த ஊர்தான். 1956 ஒலிம்பிக்ஸுக்காகப் புது ஸ்டாண்ட் கட்டி முடிச்ச வருஷம், மெல்போர்ன் - காலிங்வுட் கிராண்ட் ஃபைனலுக்குக் கணக்கில் வந்தவங்க மட்டுமே 1,15,000 பேருக்கு மேல். கேட்டை உடைச்சு உள்ளே வந்தவங்க கணக்கில் வராதவங்க. கூரை மேல் ஏறினாங்க, வேலியைத் தாண்டி எல்லைக் கோட்டை ஒட்டியே உட்கார்ந்தாங்க. பழைய கூட்டக் கணக்கு எல்லாத்தையும் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் படிக்கணும். அதே மைதானத்தில் 1959-ல் பில்லி கிரஹாம் கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு 1,30,000 பேருக்கு மேல் வந்ததா சொல்றாங்க, அது மதிப்பீடுதான், எண்ணிக்கை இல்லை.

இதுக்கு நடுவில் லீக்குக்கு ஒரு ஆசை வந்தது. எம்சிஜி நம்ம சொத்து இல்லை, நாமே ஒண்ணு கட்டுவோம்னு நகரத்துக்கு வெளியே வேவர்லியில் 1970-ல் ஒரு மைதானம் திறந்தாங்க. திட்டத்தில் கொள்ளளவு 1,57,000! ஆனா வர்றதா சொன்ன ரயில் பாதை கடைசி வரைக்கும் வரலை. ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கிராண்ட் ஃபைனலை அங்கே மாத்த நினைச்சப்போ மாநில அரசும் விடலை. அங்கே வந்த அதிகபட்சக் கூட்டம் 1981-ல் ஹாதார்ன் - காலிங்வுட் மேட்சுக்கு, 92,935. 1999-ல் லீக் ஆட்டங்கள் நின்னுபோச்சு, சுத்தி வீடுகள் வந்துடுச்சு. எம்சிஜிக்கோ ரெண்டு ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில். சிவில்காரங்க கவனிங்க, இங்கே ஜெயிச்சது கேலரி இல்லை, ரயில் பாதை.

எம்சிஜியிலும் 1992-ல் புதிய தெற்கு ஸ்டாண்ட் (இன்றைக்கு ஷேன் வார்ன் பெயரில் இருப்பது), 2006 காமன்வெல்த் போட்டிக்காக வடக்குப் பக்கம்னு எல்லாம் நாற்காலி மயமாச்சு. இன்றைய கொள்ளளவு ஒரு லட்சத்துக்கு ஒட்டி. இப்போ சமீபத்திய கிராண்ட் ஃபைனல் கூட்டங்களைப் பாருங்க. 2017: 1,00,021. 2018: 1,00,022. 2019: 1,00,014. 2022: 1,00,024. 2023: மறுபடியும் 1,00,024. ஈசிஇ மக்களுக்கு இது உடனே புரியும். ஆப்-ஆம்ப் அவுட்புட் சப்ளை வோல்டேஜில் போய் முட்டிக்கிட்டு நிக்குமே, அந்த க்ளிப்பிங்தான் இது. சிக்னல் எவ்வளவு பெரிசுன்னு இந்த எண் சொல்லாது, ரெயில் எங்கே இருக்குன்னுதான் சொல்லும். நடுவில் 2020-ல் 29,707, 2021-ல் 61,118. கோவிட் காரணமா முறையே பிரிஸ்பேனுக்கும் பெர்த்துக்கும் போயிருந்த வருஷங்கள்.

அப்போ உண்மையான சிக்னல் எவ்வளவு? 2023-ல் ஜெயிச்ச காலிங்வுட்டுக்கு அந்த வருஷம் பணம் கட்டின உறுப்பினர்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். ஒரே ஒரு கிளப்பின் உறுப்பினர்களே மைதானத்தை நிரப்பி வழிவாங்க. ஆனா கிராண்ட் ஃபைனல் டிக்கெட்டில் ஆடுற ரெண்டு கிளப்புகளின் உறுப்பினர்களுக்கும் சேர்த்துப் பாதிகூடக் கிடைக்காது. மைதானத்தை நடத்தும் கிரிக்கெட் கிளப்பின் உறுப்பினர்கள், லீக்கின் தனி உறுப்பினர்கள், ஸ்பான்சர்கள், கார்ப்பரேட் பேக்கேஜ்கள்னு மீதி போயிடும். வருஷம் பூரா மழையில் நனைஞ்சு பார்த்தவர் பப்பில் டிவி முன்னாடி உட்கார்ந்திருப்பார். 1970-ல் வெளியே விடப்பட்டவங்க இதைவிடக் குறைவுன்னு எனக்கு ஒரு சந்தேகம். நின்னுக்கிட்டாவது பார்த்தாங்களே. ஆனாலும் அந்த நெரிசல் திரும்ப வரணும்னு புத்தியுள்ள யாரும் கேட்க மாட்டாங்க.

மற்ற மாநில ரெக்கார்டுகளும் இப்படி உறைஞ்சுதான் கிடக்கு, ஆனா காரணம் வேற. தென் ஆஸ்திரேலிய லீக்கில் 1976-ல் 66,897 பேர், மேற்கு ஆஸ்திரேலிய லீக்கில் 1979-ல் 52,781 பேர். 1987-ல் வெஸ்ட் கோஸ்ட், 1991-ல் அடிலெய்டுனு அந்த ஊர் அணிகள் மெல்போர்ன் லீக்கில் சேர, அது தேசிய லீக் ஆச்சு. உள்ளூர் லீக் கூட்டம் அந்தப் பக்கம் போயிடுச்சு.

பெண்கள் லீக்கின் கதை இன்னும் சுவாரசியம். 2017 பிப்ரவரியில் முதல் மேட்ச், கார்ல்டன் - காலிங்வுட், இலவச அனுமதி. 24,568 பேரோட கேட்டை மூடினாங்க. உள்ளே போக முடியாதவங்ககிட்ட லீக் தலைவரே வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். 2019 இறுதிப் போட்டியை அடிலெய்டு ஓவல் மாதிரி பெரிய இடத்தில் வச்சாங்க, வந்தவங்க 53,034 பேர். அதுவும் இலவசம்தான். அதுக்கு அப்புறம் 2023, 2024 இறுதிப் போட்டிகளை வச்சது மெல்போர்னில் கார்ல்டனின் பழைய சின்ன மைதானத்தில். அங்கே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் வந்தாங்க, அதுக்கு மேல் அங்கே இடமும் பெரிசா இல்லை.