மார்பில் குண்டு பாய்ந்தும் துப்பாக்கியைப் பறித்த மேஜர்!

பரம வீர சக்கரம் பெற்ற தமிழர்

சென்னை சாலிகிராமத்தில், ஆற்காடு சாலையில் "பரமேஸ்வரன் விகார்" என்று ராணுவத்தினர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தினமும் பஸ்சில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். யார் இந்தப் பரமேஸ்வரன் என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தியவர் அவர்!

பம்பாயில் பிறந்தவர்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13-ந் தேதி பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்து, 1972-ல் மகார் படைப்பிரிவில் அதிகாரி ஆனார்.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்க இந்தியப் படை யாழ்ப்பாணம் போயிற்று. ஆனால் அக்டோபரில், அந்தப் படைக்கும் விடுதலைப்புலிகளுக்குமே சண்டை மூண்டது. 8-வது மகார் பட்டாளத்தோடு பரமேஸ்வரனும் அங்கே இருந்தார்.

இருட்டில் சரமாரி

1987 நவம்பர் 25. இரவு வெகு நேரம் ஆகிவிட்டது. தேடுதல் வேட்டை முடித்து அவரும் வீரர்களும் திரும்பிக்கொண்டு இருந்தார்கள். மறைந்து இருந்த போராளிகள் திடீரென்று சரமாரியாகச் சுட்டார்கள்.

மேஜர் பதறவில்லை. சுற்றி வளைத்துப் பின்பக்கமாகப் போய் அவர்கள் மேல் பாய்ந்தார். இதை அவர்கள் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. நேருக்கு நேர் கைகலப்பு நடந்தது. அப்போது ஒருவன் சுட்ட குண்டு மேஜரின் மார்பில் பாய்ந்தது.

ஆள் சாயவில்லை! அவனுடைய துப்பாக்கியைப் பறித்தார். அதனாலேயே அவனைச் சுட்டுக் கொன்றார்.

உயிர் பிரியும் வரை

காயம் படுகாயம். அந்த நிலையிலும் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். வீரர்களுக்குத் தெம்பு கொடுத்தார். உயிர் பிரியும் வரை ஓயவில்லை. அப்போது அவருக்கு வயது 41.

அந்தச் சண்டையில் போராளிகள் 5 பேர் இறந்தார்கள். 3 துப்பாக்கிகளும், 2 ராக்கெட் லாஞ்சர்களும் பிடிபட்டன.

சுட்டவர்கள் பேசியதும் தமிழ். சுடப்பட்டவர் பேசியதும் தமிழ். அதுதான் அந்தச் சண்டையின் சோகம்.

21 பேரில் ஒருவர்

1990 மார்ச்சில் அமைதிப்படை நாடு திரும்பியது. அதற்குள் சுமார் 1,200 பேர் உயிர் இழந்திருந்தார்கள். அந்தப் படையில் பரம வீர சக்கரம் கிடைத்தது பரமேஸ்வரன் ஒருவருக்குத்தான். அதுவும் இறந்த பிறகு.

நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருது அது. 1950-ல் ஏற்படுத்தப்பட்டது. இதுவரை அதைப் பெற்றவர்கள் மொத்தமே 21 பேர். 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்கு அவர்கள் பெயர் சூட்டப்பட்டது. அதில் ஒரு தீவுக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர்.