லோரி ஓட்டுநருக்கு ஏன் சீனி பார்க்கிறார்கள்?

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில், மெனோரா சுரங்கப்பாதைக்கு அருகே பாரம் ஏற்றிய லோரிகள் மலைச்சரிவில் மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஓட்டுபவர்களில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் உண்டு. உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோகூட இருக்கலாம். ஜிடிஎல் உரிமத்திற்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பார்வையைச் சோதிப்பது புரிகிறது. வண்டிக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம்?

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் சக்தியில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். மூளையில் சேமிப்பு மிகக் குறைவு என்பதால் இரத்தம் அதை இடைவிடாமல் கொண்டுவர வேண்டும்.

இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்த ஓட்டுநர், சரக்கு இறக்கத் தாமதமாகி, சாப்பிடாமல் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளுக்கோஸ் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இது அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி. இன்னும் இறங்கினால் குழப்பம், பிறகு மயக்கம். அடிக்கடி இப்படி ஆனவருக்கு மணி அடிக்காமலேயே மயக்கம் வரலாம். மருத்துவர் அதிகம் கவலைப்படுவது இவரைப் பற்றித்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். 4 விநாடி நினைவு தப்பினால் லோரி தானாக 100 மீட்டர் ஓடும். ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடலின் நீளம்!

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. ஆனாலும் கிளினிக்கில் சிலர் மறைத்துவிடுகிறார்கள். உரிமம் போனால் வீட்டில் உலை வைப்பது எப்படி என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் 2014 டிசம்பர் 22-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குப்பை லோரி ஓட்டுநர் மயங்கி, 6 பேர் இறந்தனர். அவருக்கு நீரிழிவு அல்ல, வேறு வகை மயக்கம். ஆனால் 2010-இல் பேருந்து ஓட்டுநராக இருந்தபோது மயங்கியதை அவர் மறைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது.

நீரிழிவு இருப்பதாலேயே உரிமம் பறிபோய்விடாது. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, மயக்கம் வந்ததுண்டா என்பதுதான் மருத்துவரின் கேள்வி. நடுக்கம் தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, இனிப்பு சாப்பிட வேண்டும். உடனே கிளம்பிவிடக் கூடாது. குளுக்கோஸ் பழைய நிலைக்கு வந்த பிறகும் 45 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது பிரிட்டனின் ஓட்டுநர் விதி. இரத்தம் சரியாகிவிட்டாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.