கராம்பு மொட்டில் ஒளிந்த எண்ணெய்

தை பிறந்துவிட்டால் மாத்தளையில், உக்குவளை, ரத்தோட்டை வீதிகளில் பஸ்ஸில் போகிறவருக்குக்கூடக் கராம்பு மணம் வந்து சேரும். முற்றத்தில், வீதியோரத்தில், இடம் கிடைத்த இடத்திலெல்லாம் பாயும் சாக்கும் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். மொட்டு இளஞ்சிவப்பாகத் திரும்பும்போதே, விரிய விடாமல் ஆய்ந்துவிட வேண்டும். நாலைந்து நாள் நல்ல வெயில் கண்டால் கபில நிறமாகி, மூன்று கிலோ பச்சை மொட்டு ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். காய்ந்த மொட்டின் தண்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்தால் நல்ல கராம்பு.

அந்தக் கசிவில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் ஒரே சேர்வைதான்: யூஜினோல். 10 காபன், 12 ஐதரசன், 2 ஒட்சிசன் அணுக்கள் கூடிய சின்ன மூலக்கூறு. பங்கசும் பூச்சியும் அண்டாமலிருக்க மரம் தனக்கென்று செய்துகொண்ட காவல் அது.

பல்லுவலி வந்தால் எங்கள் அம்மாயி ஒரு கராம்பை வாயில் வைத்து, "கடிச்சி அடக்கிக்க, முழுங்கிறாத" என்பார். முதலில் சுருக்கென்று எரியும், பிறகு அந்த இடமே மரத்துப்போகும். வலிச் செய்தி நரம்பில் ஓடுவதற்குச் சோடியம் அயன்கள் உள்ளே புகும் வாயில்கள் திறக்க வேண்டும். யூஜினோல் அவற்றை அடைத்துவிடுகிறது. பல் வைத்தியரின் அறையில் அடிக்கும் மணமும் இதுவே. நாகவொட்சைட்டுத் தூளையும் யூஜினோலையும் குழைத்தால் சிறிது நேரத்தில் இறுகிப்போகும் பசை கிடைக்கிறது. குழி விழுந்த பல்லைத் தற்காலிகமாக அடைக்க அதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் கராம்பு எண்ணெய்ப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. முழு மொட்டு வேறு, வடித்த எண்ணெய் வேறு. சில மில்லிலீற்றர் உள்ளே போனாலே குழந்தையின் ஈரலைக் கெடுத்துவிடும்.

போத்தல் என்றதும் இன்னொன்று. இந்த எண்ணெயைக் கண்ணாடியில்தான் வைக்க வேண்டும். சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால், தேங்காய் எண்ணெய் போல மிதக்காமல் அடியில் போய் உட்காரும். தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. துளி மிதந்தால் வாங்கிய எண்ணெயைச் சந்தேகிக்கலாம்.

கராம்புக்குள் வனிலா இருக்கிறது என்றால் நம்புவீர்களா? யூஜினோலும் வனிலாவின் மணப்பொருளான வனிலினும் நெருங்கிய உறவு. இரண்டிலும் அதே பென்சீன் வளையம், அதில் தொங்கும் அதே இரண்டு கூட்டங்கள். வால் மட்டும் வேறு. காரத்தில் சூடாக்கி வாலிலுள்ள இரட்டைப் பிணைப்பை நகர்த்தி, பிறகு ஒட்சியேற்றி வாலை வெட்டினால் வனிலின். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் இப்படித்தான் ஐஸ்கிறீமுக்கும் சொக்லேட்டுக்கும் மணம் செய்தன. இன்று பெரும்பகுதி வனிலின் பெற்றோலியத்தின் வழி வந்த பொருளிலிருந்து வருகிறது.

யூஜினோலோடு ஒரு மெதைல் கூட்டத்தைச் சேர்த்தால் மெதைல் யூஜினோல். மாங்காயைத் துளைக்கும் பழ ஈயின் ஆண்களுக்கு அதன்மேல் அடங்காத ஆசை. தின்ற ஆண் ஈ அதைத் தன் உடலில் மாற்றி, பெண்ணை ஈர்க்கும் மணமாக வெளிவிடுகிறது. மாந்தோப்புகளில் தொங்கும் பொறிகளின் சூட்சுமம் இதுதான். பயிர் முழுக்க விஷம் தெளிப்பதைவிட எவ்வளவோ மேல்.

கராம்பு இந்த மண்ணுக்குரியதல்ல. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்தது. ஆனாலும் மன்னார் மாந்தையில் அகழ்ந்தெடுத்த ஒற்றைக் கராம்பு கி.பி. 900 - 1100 காலத்தது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் எங்கள் முன்னோர்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உயிரைப் பணயம் வைத்து உயர்ந்த கிளைகளில் ஏறி மொட்டுப் பறிக்கிறார்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலையை யாரும் கவனிப்பதில்லை. அந்த இலையிலும் யூஜினோல் நிறைய உண்டு. இந்தோனேசியாவில் உதிர்ந்த இலையைப் பொறுக்கி, நீராவியில் வடித்து, எண்ணெயாக விற்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதும் அல்ல. நம் தெற்கில் கறுவா இலையை வடித்து எடுக்கிறார்களே, அந்த எண்ணெயிலும் பெரும்பங்கு இதே யூஜினோல்தான். கொப்பரையும், விறகும், குளிர்ந்த நீரோடும் குழாயும் போதும். சில குடும்பங்கள் கூடினால் ஒரு கொப்பரை வைக்கலாம்; மழை பெய்து மொட்டு கெட்டுப்போகும் வருடத்தில் அது கைகொடுக்கும். இலையை வாரினால் மண் வறளும் என்ற பயம் நியாயமானது. வடித்த சக்கையை மறுபடி மரத்தடியிலேயே கொட்டிவிட்டால் போயிற்று.